முத்துத் தட்டில் மூன்று ஊசி

“பெரியவளைக் காணோம்” என்று அந்த அம்மாள் சொன்னதும், வீட்டுப் பெண் யாரோ கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நினைத்து நான் முகத்தை அனுதாபமாக வைத்துக்கொண்டேன்.

“எவ்வளவு இருக்கும்ங்க வயசு?”

“இருபத்திரண்டு காரட்” என்றார் அம்மாள்.

முகத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஏற்கெனவே முத்துத் தட்டின் மேல் குனிந்துவிட்டார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. ஊருக்குத் துப்பறியும் நிபுணர். படித்து முடித்து வீட்டில் சுவரை முறைத்துக்கொண்டிருந்த என்னை, “சாப்பிடுற சோத்துக்கு என் பையையாவது தூக்கிட்டு வா” என்று வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர். அன்றிலிருந்து பை என் தோளில், மூளை அவர் தலையில். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே குறை கிடையாது.

நாங்கள் நின்றது ஒரு முத்துக் கடையின் உள்ளறை. முன்னால் கடை, பின்னால் பட்டறை, மாடியில் வீடு. முதலாளியம்மா இடுப்பில் சாவிக்கொத்தும் நெற்றியில் கோபமுமாக நின்றார். திறந்திருந்த இரும்பு அலமாரியில் நீளமான மரத்தட்டு ஒன்று. அதில் பதினோரு குழிகள், குழிக்கு ஒரு முத்து. இடது கோடியில் ஆகச் சிறியது, வலது கோடியில் ஆகப் பெரியது. முத்துக்களுக்கு முன்னால் ஓடிய வெல்வெட் பட்டையில் மூன்று குண்டூசிகள் குத்தி நின்றன. பக்கத்தில் உள்ளங்கையளவு சிலேட். அதில் சாக்பீஸால் ஒரே ஓர் எண்: 6.

“அதுல எட்டு இருக்கணும்” என்றார் முதலாளியம்மா. “இந்த முத்து வந்த நாள்லேருந்து எட்டுதான்.”

“எட்டுன்னா என்னம்மா?”

“இதெல்லாம் ஒரே மாலைக்குப் போற முத்து. ஒண்ணுக்கொண்ணு ரொம்ப ஏறி இறங்கி இருந்தா மாலை பார்க்க நல்லா இருக்காது. அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவுன்னு பார்க்க என் மருமக ஒரு கணக்கு கொண்டு வந்தா. கால்மானமாம். எடை போட்டு, வரிசையா அடுக்கி, மூணு ஊசி குத்தி, கடைசியில ஒரு நம்பர் சொல்லுவா. எனக்கு அது பிடிச்சுப் போச்சு. தினம் கடை அடைக்கும்போது போட்டு எழுதி வைன்னுட்டேன். காலைல வந்து அந்த நம்பரைப் பார்ப்பேன். எட்டு சரின்னா எல்லாம் சரி.”

“அப்போ அந்த நம்பரைப் பூட்டு மாதிரி வெச்சிருந்தீங்க.”

“பூட்டாவது துரு பிடிக்கும்” என்றார் அம்மாள் பெருமையாக. பிறகு நடந்தது ஞாபகம் வந்து முகம் சுருங்கியது. “இன்னைக்குத் திறந்தா ஆறு. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். மத்ததெல்லாம் அதது இடத்துல இருக்கு. கடைசிக் குழியில மட்டும் பெரியவ இல்ல. பல்லுல தேய்ச்சா வழுக்குது. அசல் முத்துன்னா நறநறன்னு இருக்கும். இது கண்ணாடி. அப்படியே வெச்சுட்டு அறையைப் பூட்டிட்டேன். யாரையும் உள்ளே விடல.”

“அலமாரிச் சாவி?”

“ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. ஒண்ணு மருமககிட்ட.”

“உங்க சாவியை நேத்து வேற ஆள் யாராவது தொட்டாங்களா?”

“வேற ஆளா? காத்துகூடத் தொடாது.” அம்மாள் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார். “கணக்கு தெரிஞ்சவ அவ. சாவி வெச்சிருக்கிறவ அவ. முத்து மாறிச்சு, அதனால நம்பரும் மாறிச்சு. என் பையன் முத்து வாங்க வெளியூர் போயிருக்கான், சாயங்காலம் வந்து இறங்குறான். அதுக்குள்ள அவ பெட்டியைத் தூக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடணும்னு சொல்லிட்டேன். பெரியவ எங்கேன்னு மட்டும் நீங்க கண்டுபிடிங்க. போலீஸுக்குப் போனா குடும்பம் சந்தி சிரிக்கும்.”

“தீர்ப்பை நீங்களே எழுதிட்டீங்க. எங்களுக்குத் தேடுற வேலை மட்டும்தானா?” என்றேன்.

அண்ணி என் காலை மிதித்தார். இது எங்கள் தொழிலில் ஒரு சைகை. வாயை மூடு என்று அர்த்தம்.

ஒவ்வொரு குழியின் கீழும் பென்சிலால் எடை எழுதியிருந்தது. அண்ணி என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி வாசித்தேன்: நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு, பதினாலு, பதினஞ்சு, இருபத்திரண்டு. கண்ணாடி முத்தை அண்ணி தராசில் போட்டார். இருபது காட்டியது.

“மோசமில்ல. அளவு பார்த்துத்தான் எடுத்திருக்கான்” என்றார் அண்ணி.

பிறகு ஊசிகளைப் பார்த்தார். நடு ஊசி ஆறாவது முத்துக்கு நேர் எதிரே நின்றது. மற்ற இரண்டும் எந்த முத்துக்கும் நேராக இல்லை. ஒன்று மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில். இன்னொன்று எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில். ஆனால் வெல்வெட்டில் குத்திக் குத்தித் துணி நைந்துபோன இடங்கள் வேறு. அலமாரியின் விளிம்பில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்ததையும் அண்ணி விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ம்” என்றார். அண்ணி ‘ம்’ என்றால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம். பெரும்பாலும் எனக்கு.

பின்னால் பட்டறையில் முத்துக்குத் துளை போடுகிறவர் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு தகர டப்பா நிறையக் கண்ணாடி முத்து. அசலைத் தொடுமுன் மாலை எப்படி விழும் என்று பார்க்க, போலியைக் கோத்துப் பார்ப்பார்களாம். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு மயிர் சிலிர்த்தது.

“இந்த டப்பாவுல ஒண்ணு குறையுதா?” என்றேன் குரலைக் கனமாக்கி.

“எனக்கு எப்படித் தம்பி தெரியும்? திறந்தேதான் கிடக்கும். போற வர்றவங்க எல்லாரும் கையை விட்டு உருட்டிப் பார்ப்பாங்க. மருமகப் பொண்ணு வரும், மாப்பிள்ளை சார் வருவார், சரக்கு கொண்டு வர்றவன் வருவான். இப்போ நீங்களே ஒரு பிடி அள்ளி வெச்சிருக்கீங்க.”

நான் கையைத் திறந்து டப்பாவில் கொட்டினேன்.

“உங்களுக்குக் கால்மானம் தெரியுமா?” என்றார் அண்ணி.

“கால் வலி தெரியும்மா. நாள் முழுக்க மடக்கி உக்கார்ந்தா வராம என்ன செய்யும்?”

அண்ணி சிரித்துவிட்டு அவரை விட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை.

மாடியில் மருமகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புடவைகளை விரித்து, மறுபடி மடித்து, ஓரம் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி வைத்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் கண் காய்ந்திருந்தது.

“அழுதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்” என்றாள், நாங்கள் கேட்காமலே.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார். “அந்த எட்டு எப்படி வருதுன்னு எனக்குச் சொல்லிக் கொடும்மா. எனக்குக் கணக்கு சுமார். இவனுக்கு அதுவும் கிடையாது.”

அவள் தலைகாணி மேல் விரலால் கோடு போட்டாள். “பதினொரு முத்து வரிசையா இருக்கு. நடுவுல இருக்கிற ஆறாவதை ஒதுக்கி வெச்சுடுவேன். இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு. இந்த அஞ்சுக்கு நடுவுல மூணாவது முத்து. அது முதல் கால்மானம். அந்த அஞ்சுக்கு நடுவுல ஒன்பதாவது. அது மூணாவது கால்மானம். பதினாலுல ஆறு போனா எட்டு.”

“எதுக்கு இவ்வளவு சுத்து? பெருசுலேருந்து சின்னதைக் கழிச்சாப் போதாதா?” இதைக் கேட்டது நான்.

“ஓரத்துல ஒண்ணே ஒண்ணு ரொம்பப் பெருசா இருக்கு. அதுக்காக மாலையையே மோசம்னு சொல்லிட முடியுமா? ஒரு வீட்டுல ஒருத்தர் கத்தினா வீடே சண்டைக்கார வீடுன்னு சொல்றதில்லையே. அதனால ரெண்டு ஓரத்துலயும் கால் பங்கை விட்டுட்டு, நடுவுல இருக்கிற பாதி எவ்வளவு பரவி இருக்குன்னு பார்க்கிறது. மாலைக்கு அது நல்ல கணக்கு. பூட்டுக்கு ஆகாது. அத்தைகிட்ட சொன்னேன். கேக்கல.”

“சரி. கடைசி முத்தை எடுத்துட்டு, அந்த இடத்துல இருபது காரட் கண்ணாடியை வெச்சா உன் எட்டு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. மூணாவதும் ஒன்பதாவதும் அப்படியேதானே இருக்கு...” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கையில் இருந்த புடவை மடிப்புக் கலைந்தது. “அப்போ ஆறு எப்படி வந்துது?”

“அதைத்தான் நான் காலையிலேருந்து கேட்டுட்டு இருக்கேன்” என்றார் அண்ணி. “பெட்டியை மூடாதே. கொஞ்சம் பொறு.”

படியிறங்கும்போது அண்ணி என் தோளில் இருந்த பையைத் துழாவினார்.

“யோசிச்சுப் பாரு தம்பி. பெரியவளைத் தூக்கினவன் சிலேட்டைத் தொடவே வேண்டாம். எட்டு எட்டாவே இருந்திருக்கும். இந்த அம்மாவும் நம்பரைப் பார்த்துட்டுக் காபி குடிக்கப் போயிருப்பாங்க. மாலையை வாங்க வர்றவங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. எட்டை அழிச்சுட்டு ஆறுன்னு எழுதுற திருடனை எங்கேயாவது பார்த்திருக்கியா?”

“நேர்மையான திருடனா இருப்பான்.”

அண்ணி நின்றார். “உன் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு உருப்படியான வார்த்தை சொல்லியிருக்கே. கணக்குல மட்டும் நேர்மையானவன்.” பைக்குள்ளிருந்து அவர் எடுத்தது அவருடைய மகளின் கலர் பென்சில் டப்பா. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எங்களோடு வந்துவிட்ட டப்பா.

கடையின் முன்பக்கம் நல்ல நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். முதலாளியம்மாவின் ஒரே மகளுடைய கணவர். கல்லூரியில் கணிதப் பேராசிரியர். விடுமுறைக்கு நேற்று வந்தவரை, துணைக்கு இருக்கட்டும் என்று அத்தை காலையிலிருந்து நகரவிடவில்லை. அவருக்குத் தட்டில் வைத்துக் காபி வந்தது. எங்களுக்குத் தண்ணீர் வந்தது, நாங்கள் கேட்ட பிறகு.

“சின்னப் பொண்ணு, ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டா. மன்னிச்சு விட்டுடுங்கன்னு அத்தைகிட்ட சொல்லிட்டே இருக்கேன்” என்றார் மாப்பிள்ளை.

“பெரிய மனசு” என்றார் அண்ணி. “சார், எனக்கு ஒரு உதவி. இந்தக் கால்மானம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணு என்னென்னவோ சொல்லுது. நீங்க பாடம் நடத்துறவர். கொஞ்சம் புரியிற மாதிரி...”

மாப்பிள்ளையின் முகத்தில் விளக்கு எரிந்தது. பாடம் நடத்துகிறவரிடம் புரியவில்லை என்று சொல்வதும் பசித்தவனிடம் இலை போடுவதும் ஒன்று.

அண்ணி ஏழு கலர் பென்சில்களை மேஜையில் கொட்டினார். சிவப்பு பாதி தேய்ந்திருந்தது, மஞ்சள் புதுசு, மற்றவை இடைப்பட்டவை. மாப்பிள்ளை அவற்றைக் குட்டையிலிருந்து நெட்டையாக அடுக்கினார். அண்ணி தலையிலிருந்து மூன்று கொண்டையூசிகளைக் கழற்றிக் கொடுத்தார்.

“ரொம்ப சுலபம். நாலாவது பென்சில் நடு” என்று ஓர் ஊசியை அதன் எதிரே வைத்தார். “இப்போ கீழ்ப்பாதி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நடுப் பென்சிலையும் சேர்த்துக்கணும், அது ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். நாலு பென்சிலுக்கு நடு எது? ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் இடையில.” ஊசி இரண்டு பென்சில்களுக்கும் இடையே போய் உட்கார்ந்தது. “அதே மாதிரி மேல்பாதியில அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில. புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது சார். இதை எழுதிக் காட்டுங்களேன். சாக்பீஸ் இருக்கா?”

“இல்லையே.”

“உங்க பையில சாக்பீஸ் டப்பா எட்டிப் பார்க்குதே சார்” என்றேன் நான், உதவியாக.

“அது... ஈரமாயிடுச்சு” என்று பையைக் காலுக்குக் கீழே தள்ளினார்.

அண்ணி எழுந்தார். “தம்பி, உள்ளே இருக்கிற தட்டை அப்படியே தூக்கிட்டு வா. ஊசி அசையக் கூடாது. அம்மா, மருமகளையும் கூப்பிடுங்க.”

நான் தட்டை மூச்சு விடாமல் தூக்கி வந்து பென்சில்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மருமகள் பெட்டியோடு இறங்கி வந்தாள். போகச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். தட்டைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“இது நான் குத்தினதில்ல” என்றாள். “என் ஊசி முத்துக்கு நேரா நிக்கும். இது இடைவெளியில நிக்குது.”

“வெல்வெட்ல உன் பழைய துளையெல்லாம் மூணாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நேராத்தான் இருக்கு” என்றார் அண்ணி. “இப்போ ஊசி நிக்கிற இடத்துல கணக்கு போடுவோம். ஆறுக்கும் எட்டுக்கும் நடு ஏழு. பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடு பதிமூணு. பதிமூணுல ஏழு போனா?”

“ஆறு” என்றேன். அன்றைக்கு நான் சரியாகச் சொன்ன ஒரே விடை.

முதலாளியம்மா தட்டைப் பார்த்தார், பென்சில்களைப் பார்த்தார். இரண்டிலும் ஊசிகள் ஒரே மாதிரி இடைவெளியில் நின்றன. கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை செருமினார். “இதுல என்ன இருக்கு? ரெண்டு முறையும் சரிதான். புத்தகத்துக்குப் புத்தகம் மாறும்.”

“சரிதான் சார். தப்புன்னு நான் சொல்லல. உங்க முறைன்னுதான் சொல்றேன்.” அண்ணி அம்மாளிடம் திரும்பினார். “நேத்து கடை அடைச்ச பிறகு இவர்கிட்ட சாவி கொடுத்தீங்களா?”

“ஏதோ பத்திரத்தை உள்ளே வைக்கணும்னார். கொடுத்தேன்.”

“வேற ஆள் யாரும் தொடலன்னீங்களே?”

“மாப்பிள்ளை எப்படிம்மா வேற ஆள் ஆவார்?” என்றார் முதலாளியம்மா. சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

நான் குனிந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஈரமான சாக்பீஸ் உருளாது. இது உருண்டது. மூடியைத் திறந்தால், வெள்ளைத் தூளைப் பூசிக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருந்தாள். துடைத்ததும் இளஞ்சிவப்பாக ஒரு மினுக்கு மினுக்கினாள்.

“திருடணும்னு இல்ல” என்றார் மாப்பிள்ளை. பேராசிரியர் குரல் போய்விட்டது. “கணக்குல நான் பெரிய படிப்பு படிச்சவன். கடைப் பொறுப்பை அவகிட்ட கொடுத்தீங்க. அவ முறைக்கு ஓரத்துல கண்ணு தெரியாதுன்னு காட்டணும்னு நினைச்சேன். வாடிக்கையாளர் வந்து கண்ணாடின்னு சொன்னதும் நானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் கொடுத்திருப்பேன். கை தவறித் தட்டு சரிஞ்சுடுச்சு. சிலேட்டும் விழுந்து அழிஞ்சு போச்சு.”

“எல்லாத்தையும் பொறுக்கி அடுக்கினீங்க. ஊசியையும் குத்தி, கணக்கையும் ஒழுங்காப் போட்டு எழுதினீங்க” என்றார் அண்ணி. “அவ வழக்கமா என்ன எழுதுறான்னு ஒரு நாள் கேட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க. அவ கணக்கை நீங்க மதிக்கவே இல்லையே.”

முதலாளியம்மா என் கையிலிருந்து பெரியவளை வாங்கிக்கொண்டார். பேசியபோது குரலில் மரியாதை அப்படியே இருந்தது, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. “மாப்பிள்ளை, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. இனிமே வந்தா மாடிப்படி வழியா வீட்டுக்கு வாங்க. கடைப் பக்கம் வர வேண்டாம்.”

மாப்பிள்ளை சாப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனார். சாக்பீஸ் டப்பா மேஜையிலேயே கிடந்தது.

அம்மாள் பெரியவளைக் கடைசிக் குழியில் வைத்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு குண்டூசி எடுத்து, ஒன்றை முதல் முத்துக்கு எதிரே குத்தினார், இன்னொன்றைப் பெரியவளுக்கு எதிரே.

“ஓரத்தையும் பார்க்கணும்னா இப்படித்தானே?”

“ஆமா அத்தை. அஞ்சு ஊசி.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன் அத்தை. நீங்க மாப்பிள்ளை அண்ணாகிட்ட கேட்டீங்க. அவர் மூணே போதும்னார்.”

“ஆமா. அவரைக் கேட்டேன்.” அம்மாள் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “உன்னைக் கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்.” சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றித் தட்டின் பக்கத்தில் வைத்தார். பிறகு, பேச்சை மாற்ற ஓர் ஆள் வேண்டுமே, என்னைப் பார்த்தார். “தம்பி, அந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வெச்சிடு. என் பையன் வர்ற நேரமாச்சு.”

பெட்டி நல்ல கனம். “பார்த்துப் போ, தட்டு மாதிரி கொட்டிடாதே” என்று கீழேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார். மருமகள் எனக்குப் பின்னாலேயே ஏறி வந்தாள். அறை வாசலில் பெட்டியை இறக்கி வைத்தேன். அவள் அதன் மேலேயே உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழ ஆரம்பித்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.